கால் எட்டுதா?

சைக்கிள் வாங்கின கதையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எல்லாம் சீட்டு உயரத்திலேயே வந்து நிற்கிறது. மிஞ்சிப் போனால் நாலு விரற்கடை. அதற்காக ஆறு கடை ஏறி இறங்கினேன், நாலு சனிக்கிழமையைத் தொலைத்தேன், வீட்டில் ஒரு சண்டையும் போட்டாயிற்று.

என் உயரம் 154 செ.மீ. நெதர்லாந்தில் 2001-ல் பிறந்த பெண்களின் சராசரி உயரம் 169.3 செ.மீ. என்று இந்த நாட்டுப் புள்ளியியல் துறை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இடையில் இருக்கிற பதினைந்து சென்டிமீட்டர் அலுவலகச் சமையலறையின் மேல்தட்டிலும் தெரியும், ரயிலில் கோட்டு மாட்டும் கொக்கியிலும் தெரியும். ஆனால் சைக்கிள் கடையில் உறைக்கிற மாதிரி வேறெங்கும் உறைக்காது. வரிசையாகக் கறுப்பு சைக்கிள்கள் நிற்கும். ஒவ்வொன்றின் சீட்டும் என் இடுப்புக்கு மேலே. கடைப் பையன் என்னைப் பார்ப்பான், சைக்கிளைப் பார்ப்பான், அப்புறம் மரியாதையாகக் குழந்தைகள் பகுதி இருக்கும் பக்கம் கை காட்டுவான். மூன்று கடையில் இது நடந்தது.

உத்ரெக்டுக்கு நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் 90 யூரோவுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். 26 அங்குலச் சக்கரம், நேர்க்கோடாக ஹேண்டில்பார், மலை ஏறுவதற்கென்று செய்ததைப் போலத் தடித்த டயர். மலையே இல்லாத ஊரில் அதில் பதினெட்டு கியர் வேறு. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, இரண்டு பாதமும் தரையில் பப்பரப்பா என்று பதிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒன்பது வயதில் வாடகை சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா பின்னால் ஓடி வருவார். அவர் கேட்ட ஒரே கேள்வி, "கால் எட்டுதா?" எட்டினால் சீட்டு, எட்டாவிட்டால் குரங்குப் பெடல். எட்டுகிற வரைக்கும் பயமில்லை என்கிற சூத்திரம் அன்றைக்கு உள்ளே போனது; முப்பது வருடத்துக்கு மேலாக வெளியே வரவில்லை.

முழங்கால்தான் முதலில் முறையிட்டது. அலுவலக ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு ஐந்து கிலோமீட்டர். போய்ச் சேரும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஊசியால் குத்துகிற மாதிரி ஒரு வலி. பிசியோதெரபி செய்கிறவர் முதல் நாளே சைக்கிளை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். "சீட்டு ரொம்பத் தாழ்ந்திருக்கிறது. பெடல் மேலே வரும்போது உங்கள் முட்டி நெஞ்சுக்கு வருகிறது" என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏற்றவில்லை. ஏற்றினால் கால் எட்டாதே! அவருக்கென்ன, 190 செ.மீ. மனிதர்.

இதற்கு நடுவில், ஜன்னல் வழியாகத் தினமும் ஒரு காட்சி. எழுபது வயது அம்மாள் ஒருவர், முதுகு நேராக, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற தோரணையில் சைக்கிளில் போவார். ஒரு கையில் குடை. முன்னால் பெட்டியில் செடித்தொட்டி. அவசரமே இருக்காது. அந்த சைக்கிளுக்கு இங்கே ஓமாஃபீட்ஸ் என்று பெயர். ஓமா என்றால் பாட்டி, ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். வளைந்து இறங்குகிற ஒற்றைக் குழாய், நம்மைத் தேடிப் பின்னால் வருகிற ஹேண்டில்பார், செயின் முழுசாக ஒரு பெட்டிக்குள், பின்சக்கரத்தில் கோட்டும் பாவாடையும் சிக்காமல் இருக்க ஒரு தடுப்பு, சீட்டுக்குக் கீழே வளையப் பூட்டு. எனக்கு அந்தச் சொகுசு வேண்டும் என்று தோன்றியது. முட்டி வலிக்கும் அதுதான் மருந்து என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சொகுசு என்ற பெயரில்

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரவோடு இரவாக எக்செல் தயாராகிவிட்டது. கஸெல் கம்பெனிக்கு ஒரு பத்தி, பட்டாவுஸ் கம்பெனிக்கு ஒரு பத்தி, எடை ஒரு பத்தி, கியர் ஒரு பத்தி. கஸெல் 1892-லிருந்து டீரன் என்கிற ஊரில் செய்கிறார்களாம், பட்டாவுஸ் 1904-ல் ஹேரன்ஃபேனில் ஆரம்பித்ததாம். கடைசி வரியில் பேட்டரி சைக்கிள் ஒன்று, 1,900 யூரோ. "எப்படியும் வாங்கப் போற, ஒரேயடியா எலக்ட்ரிக் வாங்கிடேன்" என்றார். முட்டி வலிக்கு மோட்டாரா என்று நான் கேட்க, காசைப் பற்றி அவர் ஒன்று சொல்ல, 90 யூரோ சைக்கிள் யாருடைய யோசனை என்பதில் போய் முடிந்தது. சண்டை என்று சொன்னது இதைத்தான்.

கடைகளில் சொகுசு என்று எதைச் சொல்லி விற்கிறார்கள் தெரியுமா? மெத்து மெத்தென்று ஜெல் சீட்டு. சீட்டுத் தண்டில் ஸ்பிரிங். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங். கட்டைவிரலால் சீட்டை அமுக்கிக் காட்டி, "பாருங்கள், எவ்வளவு மென்மை!" என்பார்கள். நானும் அமுக்கிப் பார்த்தேன், மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டை நாம் கட்டைவிரலால் ஓட்டப் போவதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் எடை மொத்தமும் கீழே இருக்கிற இரண்டு எலும்பு முனைகளில்தான் இறங்கும். குனிந்து ஓட்டுகிற சைக்கிளில் கையும் காலும் பங்கு போட்டுக்கொள்ளும், இதில் பங்காளி கிடையாது. அதனால் சீட்டு அகலமாக இருக்க வேண்டியது நியாயம். ஆனால் ரொம்ப மெத்தையாக இருந்தால் அந்த எலும்பு உள்ளே புதைந்து, சுற்றியிருக்கிற சதையெல்லாம் நசுங்கும். நாலாவது கடையில் அப்படி ஒன்றை இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் சோபா. பதினைந்தாவது நிமிடம் எங்கே மரத்துப்போனது என்று பொதுவெளியில் எழுத முடியாது.

ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. உத்ரெக்டின் பழைய தெருக்கள் செங்கல் பாவியவை, கடகடவென்று ஆடும். அதற்கு ஸ்பிரிங் தேவை என்று எனக்கும் பட்டது. ஆனால் நாற்பது மில்லிமீட்டர் அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் எடையைக் கூட்டுகிறது, சில வருடத்தில் துருப்பிடித்து ஆடவும் ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே இந்த வகை சைக்கிள் இருபது கிலோவைத் தாண்டும். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று யாராவது நினைத்தால் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு நினைக்கட்டும்.

இத்தனையும் அலசிய நான், போகிற ஒவ்வொரு கடையிலும் முதல் வேலையாக என்ன செய்தேன்? சீட்டில் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறதா என்று பார்த்தேன். எட்டவில்லை. இறக்கச் சொன்னேன். குழாயின் அடி வரை இறக்கினாலும் கட்டைவிரல் நுனிதான் பட்டது. பெண்களுக்கான பிரேம்கள் பெரும்பாலும் 49, 53, 57 செ.மீ. என்று வருகின்றன, கடையில் கண்ணெதிரே நிற்பது 53-ம் 57-ம். 49 என்றால் வரவழைக்க வேண்டும். ஐந்தாவது கடையில் ஒரு பெண், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் பதிகிற மாதிரி, பெடலை வெகுவாக முன்னால் தள்ளி வைத்த அமெரிக்க மாடல் ஒன்றைக் காட்டினாள். எலெக்ட்ரா டௌனி. உண்மையிலேயே கால் பதிந்தது. வாங்கியே இருப்பேன். நான் கேட்ட நிறம் இல்லை. எவ்வளவு பெரிய முடிவெல்லாம் எவ்வளவு அற்பக் காரணத்தில் தொங்குகிறது!

நின்று காட்டுங்கள்

ஆறாவது கடை சந்துக்குள் இருந்தது. பழைய சைக்கிள்களை வாங்கி, பிரித்து மாட்டி விற்கிறவர். அறுபத்தைந்து எழுபது வயது இருக்கும், நகக்கண் எல்லாம் கிரீஸ். ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை உலகத்தில் எல்லா சைக்கிள் கடைக்கும் பொது போலிருக்கிறது. மூலையில் ஒரு பழைய ஓமாஃபீட்ஸ் நின்றது. டயரில் 28 × 1½ என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் அதே அளவு. இரண்டுக்கும் மூதாதை ஒன்றுதான், பழைய இங்கிலீஷ் ரோட்ஸ்டர். டியூப் வால்வுகூட நம் ஊர் மாதிரியேதான். ஒரு நிமிடம் உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அதற்கு மேல் உருகுவதற்கு முட்டி விடவில்லை.

வழக்கம்போல ஏறி உட்கார்ந்து, எட்டவில்லை, இறக்குங்கள் என்றேன். அவர் இறக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள், எந்தப் பிராண்டு வேண்டும் என்று எல்லாக் கடையிலும் கேட்ட கேள்விகளையும் கேட்கவில்லை. வாசலுக்கு வரச் சொன்னார். "அந்த விளக்குக் கம்பம் வரை போய் நில்லுங்கள். ஓட்டுவதைக் காட்ட வேண்டாம். நிற்பதைக் காட்டுங்கள்."

என் பழைய சைக்கிளில் போய் நின்றேன். திரும்பி வந்து நின்றேன். மூன்றாவது தடவை, "போதும்" என்றார். "சைக்கிள் நின்ற பிறகும் நீங்கள் அதன் மேல் உட்கார்ந்தே இருக்கிறீர்கள். நின்ற சைக்கிளில் எதற்கு உட்கார வேண்டும்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எதற்கு உட்கார வேண்டும்?

அவரே ஏறிக் காட்டினார். கம்பத்துக்கு நாலடி முன்னால் வலது பெடல் கீழே வருகிற மாதிரி வைத்துக்கொண்டார். அதன் மேல் எழுந்து நின்றார், படிக்கட்டில் ஒரு காலை வைத்து நிற்கிற மாதிரி. இடுப்பு சீட்டைவிட்டு முன்னால் நழுவியது. பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் நிற்பதும் இடது கால் தரையில் ஊன்றுவதும் ஒரே நேரத்தில். சீட்டு அவர் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. அது எவ்வளவு உயரமாக இருந்தால் என்ன? கிளம்பும்போது இதையே திருப்பிச் செய்தார். வலது பெடலைக் கால் நுனியால் மேலே தூக்கி, அதை மிதித்து ஏறினார். சைக்கிள் நகர்ந்தது, அந்த நகர்விலேயே உடம்பு உயர்ந்து சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பாட்டி சைக்கிளில் பார் இல்லாதது பாவாடைக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கும்தான். ஆனால் சீட்டுக்கு முன்னால் இருக்கிற அந்தக் காலி இடம் இறங்கி நிற்பதற்கும் வசதியான இடம். ஒவ்வொரு சிக்னலிலும் நாம் சீட்டைவிட்டு இறங்குவோம் என்று வைத்துக்கொண்டு செய்த வண்டி அது. நானோ இறங்காமலே நிற்க முடிகிற வண்டியை ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

கூட வந்திருந்த மகளுக்குப் பதிமூன்று வயது. இங்கே ஆரம்பப் பள்ளி முடிகிற சமயத்தில் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு வைத்து, தெருவிலும் ஓட்டவிட்டுப் பார்க்கிறார்கள். அதில் தேறியவள். "எல்லாரும் இப்படித்தாம்மா நிப்பாங்க. நீ பார்த்ததே இல்லையா?" என்றாள். ஆறு வருடமாக, ஒவ்வொரு சிக்னலிலும், எனக்கு முன்னால் பத்துப் பேர் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஜன்னலில் நான் ரசித்த அந்த அம்மாளும் செய்திருப்பார். என் கண் அவருடைய முதுகிலும் செடித்தொட்டியிலும் இருந்தது, காலில் இல்லை.

பெடலை அடிமட்டத்தில் வைத்து, குதிகாலை அதன் மேல் ஊன்றினால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம் என்றார். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடிந்திருக்கும். அளந்து பார்த்தார். என் பழைய சைக்கிளில் சீட்டு இருந்த இடத்துக்கும் இருக்க வேண்டிய இடத்துக்கும் ஏழு சென்டிமீட்டர். ஒரு கறுப்பு மார்க்கரை எடுத்து, எனக்காக ஒதுக்கிய 49 செ.மீ. பிரேம் சைக்கிளின் சீட்டுத் தண்டில் ஒரு கோடு போட்டார். "இன்றைக்கு இந்த உயரத்தில் ஓட்டாதீர்கள், பயப்படுவீர்கள். வாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இந்தக் கோடு வெளியே தெரிகிற வரை."

இவ்வளவு நேரம் கால் தரையில் பதிய வேண்டும் என்று நான் கேட்டது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இந்த சைக்கிள்களில் சீட்டுக் குழாய் வழக்கத்தைவிடப் பின்னால் சாய்ந்திருக்கிறது. அதனால் நாம் பெடலுக்கு நேர் மேலே இல்லாமல் சற்றுப் பின்னால் உட்காருகிறோம். கால் நீள வேண்டிய அளவு நீண்டாலும் சீட்டு தரைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் இருக்காது. விரல் நுனியாவது படும். அந்த நுனி போதும் என்பதை நம்புவதற்குத்தான் ஆறு கடை தேவைப்பட்டது.

மிச்ச விவகாரங்கள்

முதலில் அவர் கொடுத்தது பின்மிதி பிரேக் வைத்தது. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் நிற்கும், ஹேண்டில்பாரில் வயரே கிடையாது. பார்க்க அவ்வளவு சுத்தம். ஓட்டினால் எனக்கு நரகம். நின்ற பிறகு வலது பெடலை மேலே கொண்டுவரப் பின்னால் சுற்ற முடியாது, சுற்றினால் பிரேக். பெடல் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். சந்தின் நடுவில், ஒரு வேன் காத்திருக்க, பெடல் அடியில் மாட்டிக்கொண்டு நான் நொண்டி அடித்ததை மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். பழகினவர்கள் அதைச் சொர்க்கம் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்குக் கையால் பிடிக்கிற ரோலர் பிரேக் போதும். அதுவும் சக்கரத்தின் மையத்தில் இருக்கிற ஹப்புக்குள்ளேயே இருப்பது, மழையில் வழுக்காது.

கியரும் ஹப்புக்குள்தான், ஷிமானோ நெக்ஸஸ், ஏழு கியர். நின்றுகொண்டே கியர் மாற்றலாம் என்பது சிக்னலுக்குச் சிக்னல் இறங்கி ஏறுகிறவருக்குப் பெரிய வசதி. இந்த ஊருக்கு மூன்று கியரே போதும் என்பார்கள். எதிர்க்காற்றில் கால்வாய் ஓரம் ஒரு தடவை போய்விட்டு வந்து அவர்கள் பேசட்டும். நிமிர்ந்து உட்காருகிற சைக்கிளில் நாமே பாய்மரம். இங்கே மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

விலை 380 யூரோ, செகண்ட் ஹேண்ட். இணையத்தில் மார்க்ட்பிளாட்ஸில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், ஆனால் திருட்டு சைக்கிளைத் தெரிந்தே மலிவாக வாங்கினால் வாங்கினவர் மேலும் வழக்கு வரும். கடைக்காரரே பிரேம் எண்ணைப் போலீஸின் தளத்தில் தட்டிக் காட்டினார். வளையப் பூட்டோடு கனமான சங்கிலி ஒன்றும் வாங்கினேன். காப்பீடு எடுக்கிறவர்கள் கவனிக்க: சைக்கிள் போனால் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

முன்பெட்டி வேண்டாம் என்று விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் தினமும் ரயில் பிடிக்கிறவள் நான். உத்ரெக்ட் ஸ்டேஷன் நிறுத்தத்தில் 12,500 சைக்கிள் நிற்கும், முதல் 24 மணி நேரம் காசில்லை. அங்கே பெட்டி வைத்த சைக்கிள் இரண்டடுக்குத் தாங்கியில் நுழையாது, அதற்கென்று தனி இடம் தேடிப் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அது முடிகிற காரியமில்லை. கீழ்த்தட்டு நிரம்பியிருந்தால் இருபது கிலோவை மேல்தட்டில் ஏற்ற வேண்டும். அந்தத் தட்டின் தண்டவாளத்தை இழுத்து இறக்கி, முன்சக்கரத்தை வைத்து, பின்னாலிருந்து தள்ளி… 154 செ.மீ. மறுபடியும் உறைக்கிற இடம் அது. இதற்கு எந்தக் கடைக்காரரிடமும் மார்க்கர் இல்லை.

சீட்டை வாரம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னாரில்லையா, நான் மாதம் கொஞ்சமாக ஏற்றினேன். முட்டியில் ஊசி முதலில் மழுங்கியது, பிறகு நின்றது. ஆனால் கோடு மட்டும் குழாய்க்குள்ளேயே கிடந்தது. கடைசி அரை அங்குலத்துக்கு எப்போதும் ஒரு சாக்கு: மழை, புதுச் செருப்பு, பனி.

போன சனிக்கிழமை மகளின் சைக்கிள் பஞ்சர். என்னுடையதை எடுத்துக்கொண்டு நண்பர்கள் வீட்டுக்குப் போனாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். திங்கட்கிழமை காலை அவசரத்தில் பெடலை மிதித்து ஏறினேன். ஏறிக்கொண்டே இருந்தேன், சீட்டு வரவில்லை. ஒருவழியாக உட்கார்ந்தபோது பெடல் பாதத்தைவிட்டு நழுவி நழுவிப் போனது. அவளைத் திட்டிக்கொண்டே அடுத்த சிக்னல் வரை ஓட்டி, நடைபாதை ஓரம் நிறுத்தி, பையிலிருந்து அல்லன் சாவியை எடுத்தேன். கோடு குழாய்க்கு வெளியே இரண்டு விரற்கடை மேலே நின்றது. இறக்கினேன். கோடு குழாயின் விளிம்பைத் தொட்டதும் சாவியைத் திருப்பி இறுக்கிவிட்டேன். 8.12 ரயிலுக்கு ஒன்பது நிமிடம்தான் இருந்தது.